வலி வந்தாக வேண்டிய நாள்

அன்று அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரு மனுஷிக்கு நெஞ்சுவலி வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். வலிதான் வருவேனா என்று அடம்பிடித்தது.

மேசைமேல் மல்லாந்து படுத்திருந்த மனுஷி, பக்கத்தில் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நின்ற டாக்டருக்கு நாத்தனார். கணவனின் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். குரலும் வேனின் குரல்தான். தம்பி சின்ன வயதிலேயே அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்துவிட்டான், அந்தப் பெயரைப் பொய்யாக்காமல் இத்தனை வருஷம் காப்பாற்றி வந்திருந்தார். அந்த ஹாரன் ஒரு வருஷமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. விடிகிற நேரத்தில், படுக்கையில் சும்மா கிடக்கும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல நெஞ்சை யாரோ பிழிகிறார்கள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். எழுந்து வேனைத் துடைத்து வண்டியை எடுத்துவிட்டால் ஒன்றுமே இல்லை.

இதயத்தில் அடைப்பு இருப்பவர்களுக்கு ஓடினால் வலிக்கும், உட்கார்ந்தால் நிற்கும். இவருக்கு எல்லாம் தலைகீழ். தலைகீழாக வருகிற நோயை யார் நம்புவார்கள்? மெஷினில் ஓடவிட்டுப் பார்த்தார்கள், பதினாறு வயசுப் பெண் மாதிரி ஓடினார். ஆஞ்சியோ செய்தார்கள், இதயத்து ரத்தக்குழாய்கள் பளிச்சென்று இருந்தன. டாக்டரே முதல் தடவை சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டு, "அசிடிட்டியா இருக்கும் அண்ணி" என்று தட்டிக்கழித்தவள்தான். வீட்டில் அது கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது. நாத்தனாரின் கணவர் பஸ் நிலையத்துக்கு எதிரே சாவிக்கடை வைத்திருப்பவர். அதிகம் வாய் திறக்கமாட்டார், திறந்தால் ஊசி குத்தும். "எங்க வீட்டம்மா நல்லா நடிப்பா. தினம் காலையில ஒரு ஷோ" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நாத்தனாரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை ஓங்கி வைப்பார்.

போன மாதம் அந்த வலி படுக்கையை விட்டு வண்டிக்குள் ஏறிவிட்டது. அன்று மாலையே நாத்தனார் வேன் சாவியைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சிக்னல்ல சும்மா நின்னுக்கிட்டிருந்தப்ப வந்துச்சும்மா. பின்னாடி பிள்ளைங்க பாட்டுப் பாடிக்கிட்டிருந்துச்சுங்க. பச்சை விழுந்தது எனக்குத் தெரியல. என்னன்னு கண்டுபிடி. இல்ல, எனக்குப் பைத்தியம்னு எழுதிக் கொடு. ரெண்டுல ஒண்ணு. நடுவுல தொங்கிக்கிட்டு என்னால வண்டி ஓட்ட முடியாது."

பள்ளிக்கூடம் பாவம், நல்ல மாதிரி. ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தார்கள். டாக்டரைத் தூங்கவிடாமல் செய்ததே அந்தத் திங்கட்கிழமைதான். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ரத்தக்குழாயின் சுவரிலும் தசை உண்டு. கெண்டைக்காலில் பிடித்துக்கொள்வதுபோல, சிலருக்கு இதயத்துக் குழாயும் பிடித்துக்கொள்ளும், பிறகு தானாக விட்டுவிடும். பிடித்திருக்கும் நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. ஆஞ்சியோ செய்கிறவர்களுக்கோ ஒரு பழக்கம், படம் நன்றாக விழவேண்டும் என்று முதலிலேயே குழாயைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். நோயைத் துடைத்துக் கழுவிவிட்டு, பிறகு எங்கே நோய் என்று தேடுகிற கதை.

அதனால் இன்றைக்கு நேர்மாறான சோதனை. தளர்த்தும் மருந்து ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. சந்தேகம் வந்தபின் டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையையும் ஸ்ப்ரேயையும்கூட இரண்டு நாளாக நிறுத்தச் சொல்லியிருந்தாள். கை வழியாக மெல்லிய ட்யூபை விட்டால் அந்த மருந்து தேவைப்படும் என்பதால் தொடை வழியாக விட்டிருந்தார்கள். குழாயை இறுக்கும் மருந்தை இதயத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுதாகப் பிடித்துக்கொண்டு விடாமல் போனால் என்ன ஆகும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

சொந்தக்காரிக்கு அவளே வைத்தியம் பார்ப்பது முறையில்லை. மருந்தைச் செலுத்துவது துறையின் சீஃப்தான். அவள் மேசை அருகே நின்றது ஒளிக் கேமராவுக்காக. நூல் மாதிரி மெல்லிய கம்பி அது, ரத்தக்குழாய்க்குள் போய், உள்ளிருந்தபடியே சுவரைப் படம்பிடிக்கும். சுவரில் எங்கே கொழுப்பு படிந்திருக்கிறது, எவ்வளவு தடிமன் என்று குழாயைக் குறுக்கே வெட்டிக் காட்டியதுபோலத் தெரியும். அந்தக் கம்பி அந்த ஆஸ்பத்திரியில் அவள் கைக்கு மட்டுமே படியும்.

சீஃப் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டிருந்தார். "ஒரே ஒரு தடவைதான். வலி வரலைன்னா நார்மல்னு எழுதி அனுப்பிடணும். உன் நாத்தனாருங்கறதுக்காக வருஷம் பூரா குத்திக்கிட்டிருக்க முடியாது." கெட்டவர் இல்லை. தலைக்கு மேல் வேலை உள்ளவர்.

முதல் அளவு மருந்து போயிற்று. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். குழாய் அப்படியே இருந்தது.

"அண்ணி, நெஞ்சுல ஏதாவது தெரியுதா?"

"நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. தலைதான் விண்விண்ணுன்னு தெறிக்குது. காலையிலேர்ந்து."

"காப்பி குடிக்கலைல்ல, அதான்" என்றாள் நர்ஸ்.

இரண்டாவது அளவு. ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் கடைசி. இதயத் துடிப்பு ஒரு கணம் தயங்கிவிட்டுப் பழையபடி ஓடியது. குழாய் அசையவே இல்லை. பிரஷர் கொஞ்சம் தாழ்வாக இருந்தது, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

சீஃப் கையுறையின் விரல்களை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ்வளவுதான். க்ளீன். சந்தோஷமான விஷயம்தானே? ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க?"

மேசையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. ஹாரன் இல்லை, வேறு ஏதோ குரல். "அப்ப எனக்கு மனசுதான் சரியில்லைங்கறீங்க."

டாக்டருக்கு எல்லாம் கண்முன் ஓடியது. திங்கட்கிழமை, வேன், பாட்டுப் பாடுகிற பிள்ளைகள், பச்சை விளக்கு. அவள் பக்கத்துத் திரையில் போன முறை எடுத்த படத்தை ஓடவிட்டாள். தளர்த்தும் மருந்து கொடுத்து எடுத்த படம் அது, குழாய் நன்றாக விரிந்திருந்தது. இன்றைக்கு மருந்து எதுவும் கொடுக்கும் முன்னால் எடுத்த முதல் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இது ஒல்லியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அதே அகலம். அச்சில் வார்த்ததுபோல அதே அகலம்.

தாழ்ந்த பிரஷர். விண்விண் என்று தெறிக்கிற தலைவலி. தளர்த்தும் மருந்தை நாக்கடியில் வைத்துக்கொள்கிற ஒவ்வொரு நோயாளியும் சொல்கிற அதே தலைவலி.

"அண்ணி, நிஜத்தைச் சொல்லுங்க. மாத்திரை ஏதாவது போட்டீங்களா? ஸ்ப்ரே அடிச்சீங்களா?"

"நீ வேண்டாம்னு சொன்னப்புறம் ஏன்மா போடப்போறேன்? ரெண்டு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்."

"வேற எதுவும்? களிம்பு, தைலம், பிளாஸ்திரி?"

"முதுகுவலிக்கு ஒண்ணு ஒட்டிவிட்டாரு அவரு. விடியக்காலையில. அது என்ன பண்ணப்போவுது?"

நர்ஸ் நாத்தனாரின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்து எதையோ உரித்து எடுத்தாள். கண்ணாடி போல மெல்லிய சின்னச் சதுரம். தோலோடு தோலாக ஒட்டியிருந்ததை உடை மாற்றும்போது யாரும் கவனிக்கவில்லை. நர்ஸ் அதை வெளிச்சத்தில் பிடித்து, மேலே இருந்த எழுத்தைப் படித்தாள்.

"இது முதுகுவலிக்கு இல்லைங்கம்மா. நெஞ்சுவலிக்கு ஒட்டறது. நாம வேண்டாம்னு சொன்ன அதே மருந்து, நாள் பூரா தோல் வழியா இறங்கிக்கிட்டே இருக்கும்."

சீஃப் முதலில் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தார். பிறகு சொன்னார், "நாம உள்ள உட்கார்ந்து இறுக்கறோம். இவங்க வீட்டுக்காரர் முதுகுல உட்கார்ந்து தளர்த்தறார். பேஷ்."

"அவருக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றார் நாத்தனார். "கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான். இவரும் எதையும் படிச்சுப் பாக்கமாட்டாரு."

டாக்டர் சீஃபைப் பார்த்தாள். கெஞ்சுவது அவளுக்கு வராது. அன்று வந்தது. "சார், இது சோதனையே இல்ல. மருந்து உடம்பை விட்டு இறங்கட்டும். மத்தியானம் இன்னொரு தடவை பார்ப்போம்."

சீஃப் கடிகாரத்தைப் பார்த்தார், ஒட்டியிருந்ததைப் பார்த்தார், மேசையில் கிடந்த முகத்தைப் பார்த்தார். "தொடையில இருக்கறது அப்படியே இருக்கட்டும். காலை மடக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் யாரும் இவங்களுக்கு எதையும் ஒட்டக் கூடாது."

வெளியே தாழ்வாரத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, சாவிக்கடைக்காரர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பல் வெட்டாத சாவி ஒன்று கையில் இருந்தது. அதைப் புரட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்த பிளாஸ்திரியைத் திறந்து காட்டினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கடையில மாத்திக் குடுத்துட்டாங்களா அண்ணா?"

சாவியைப் புரட்டுவதை நிறுத்தினார். பொய் சொல்ல ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. அவர் அதில் நுழையவில்லை.

"இல்லம்மா. கேட்டுத்தான் வாங்கினேன்."

"ரெண்டு நாளைக்கு எதுவும் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"மாத்திரை கூடாதுன்னீங்க. ஸ்ப்ரே கூடாதுன்னீங்க. ஒட்டறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா."

உண்மைதான், அவள் சொல்லவில்லை. யாராவது ஒட்டுவார்கள் என்று நினைக்கவில்லை. அதிலும் இவர் ஒட்டுவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

"மத்தியானம் திரும்பச் செய்யணும்" என்றாள். "அதுக்கு உங்க சம்மதமும் வேணும்."

"வேண்டாம்" என்றார் சட்டென்று. "வலியை வரவழைக்கறதாம்ல. எதுக்கு? நார்மல்னே சொல்லிடுங்க. நான் தினம் ஒண்ணு ஒட்டிவிட்டுக்கிட்டே இருக்கேன். முதுகுவலிக்குன்னு சொன்னா அவ கேட்டுக்குவா."

"நார்மல்னு சொன்னா அண்ணி திங்கட்கிழமை வேனை எடுத்துடுவாங்க. எடுக்கட்டுமா?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டார், திரும்ப எடுத்தார். கடைசியில் மத்தியானச் சோதனைக்குச் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து, "நான் வேணும்னு ஒட்டினேன்னு அவகிட்டச் சொல்லிடாதீங்க" என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

மத்தியானம் வரை நாத்தனார் காலை நீட்டியபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தலைவலி மெல்லமெல்லக் குறைந்தது. அது குறையக் குறைய டாக்டர் அடிக்கடி வந்து பிரஷரைப் பார்த்துவிட்டுப் போனாள். மருந்து உடம்பை விட்டு இறங்குகிறது, இனிமேல் வலியைத் தடுக்க ஒன்றுமில்லை.

"பயமா இருக்கா அண்ணி?"

"எனக்கென்ன பயம்? உன் மூஞ்சியைப் பாத்தாத்தான் பயமா இருக்கு. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரு."

மறுபடியும் மேசை, மறுபடியும் ஈயக் கவசம். இந்தத் தடவை முதல் படத்திலேயே குழாய் ஒல்லியாக இருந்தது. டாக்டர் ஒளிக் கேமராவை உள்ளே விட்டுச் சுவரைப் படம்பிடித்தாள். இடப்பக்கத்துப் பெரிய குழாயில், நடுவே ஓரிடத்தில், ஒரு பக்கச் சுவரில் மட்டும் மெல்லிய படிவு. இந்த வயதில் பாதிப் பேருக்கு இருக்கக்கூடியது. அதை மனதில் குறித்துக்கொண்டு கம்பியைப் பின்னுக்கு இழுத்தாள்.

முதல் அளவு. நாத்தனார் புருவத்தைச் சுருக்கினார், பிறகு விட்டுவிட்டார். இரண்டாவது அளவு சென்ற சற்று நேரத்தில் அவருடைய வலதுகை மேசையின் விளிம்பை எட்டிப் பிடித்தது.

"அண்ணி?"

"வருது."

திரையில் அந்தக் குழாய், அதே இடத்தில், இடுப்பில் கயிற்றைக் கட்டி இழுத்ததுபோல ஒடுங்கியது. படத்தில் தெரிவதற்காகக் குழாயில் விட்ட சாயம் அதற்குக் கீழே போகவில்லை. இதயத் துடிப்பின் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டு போயிற்று. நாத்தனாரின் நெற்றியெல்லாம் வியர்வை.

"இதுதான். இதேதான்மா." மூச்சுக்கு நடுவே சொன்னார். "பாத்தியா. வந்துடுச்சு. நான் சொன்னேன்ல." வலியில் முகம் கோணிப்போயிருந்தது, ஆனால் அந்தக் குரலில் ஒரு வருஷத்து வழக்கில் ஜெயித்தவரின் நிம்மதி இருந்தது. டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. கேமராவை உள்ளே செலுத்தி, பிடித்திருக்கும் நேரத்திலேயே ஒரு படம் எடுத்துவிட்டாள்.

"பிரஷர் இறங்குது" என்றாள் நர்ஸ்.

சீஃப் அந்தப் படத்தைப் பார்த்த உடனே நிமிர்ந்தார். "இங்க பாரு, சுவர் எவ்வளவு தடிச்சிருக்கு. நடுவுல ஊசி நுழையற ஓட்டைதான் மிச்சம். இது வெறும் பிடிப்பு இல்ல, அடைப்பு. மேல சிவப்பா ரத்தக்கட்டி வேற. ஸ்டென்ட் எடுங்க சிஸ்டர்."

குழாயை விரித்துப் பிடிக்கிற கம்பிவலை அது. அவர் சொன்னதில் தப்பில்லை. படத்தில் அப்படித்தான் இருந்தது. படிவு தடிமனாகக் குழாயை அடைத்துக்கொண்டு நின்றது, அதன் முகத்தில் கடுகளவு ரத்தக்கட்டி. ஆனால் டாக்டருக்கு முந்தைய படம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதே இடம், மெல்லிய படிவு. எழுந்து கைகழுவிவிட்டு வருகிற நேரத்துக்குள் படிவு இவ்வளவு வளருமா? சட்டைக் கையை முழங்கை வரை தள்ளினால் துணி திரண்டு தடிப்பதில்லையா, துணி கூடவா செய்கிறது?

"சார், அது வளரல. திரண்டிருக்கு. குழாய் சுருங்கினதுல உள்சுவர் மடிஞ்சு தடிமனாத் தெரியுது. இறுகின குழாய்ல ஸ்டென்ட் வெச்சா அளவு சின்னதாப் போயிடும். அதுக்குக் கீழயும் பிடிக்கும், அப்புறம் அங்க ஒண்ணு வைக்கணும். தளர்த்தற மருந்தைக் குழாய்க்குள்ளயே நேராக் கொடுப்போம்."

"பிரஷர் எங்க கிடக்கு பாரு. இந்த நிலைமையில அதைக் கொடுத்தா இன்னும் இறங்கும். அது ரத்தக்கட்டியா இருந்து, நீ மருந்து கொடுத்து, திறக்கலைன்னா?"

திறக்கவில்லை என்றால் நாத்தனார் இந்த மேசையிலேயே போய்விடுவார். அதைத்தான் அவர் சொல்லாமல் சொன்னார். அந்தக் கட்டியும் பொய்யில்லை, அவளே பார்த்தாள். தான் சொல்வதில் தான் எவ்வளவு நிச்சயமாக இருக்கிறோம்? அசிடிட்டி என்று சொன்ன அன்றைக்கும் நிச்சயமாகத்தானே இருந்தாள்?

நாத்தனாரின் கை மேசை விளிம்பிலிருந்து நழுவியது. கண்கள் சொருக ஆரம்பித்தன.

"மருந்து சார்" என்றாள். "நான் சொல்றேன். கொடுங்க."

சீஃப் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு ஸ்டென்ட் பொட்டலத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மறுகையால் மருந்தைச் செலுத்தினார். "பத்து எண்ணுவேன். திறக்கலைன்னா ஸ்டென்ட். அப்புறம் பேச்சு கிடையாது."

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நர்ஸ் சத்தமாக மூச்சை இழுத்தாள். ஐந்து. திரையில் எந்த மாற்றமும் இல்லை. ஆறு. டாக்டர் நாத்தனாரின் நழுவிய கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள், அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது. ஏழு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே சீஃப் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். அந்த மனுஷருக்குள்ளும் ஒரு மனுஷர் இருந்தார் என்பது டாக்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டு.

ஒடுங்கியிருந்த இடத்தின் வழியாக ஒரு கறுப்புக் கோடு கசிந்தது. பிறகு கொஞ்சம் பருத்தது. பிறகு சாயம் தடதடவென்று கீழே ஓடி, கிளைகளிலெல்லாம் பரவியது. மேலே ஏறியிருந்த கோடு இறங்கத் தொடங்கியது, இறங்கிய பிரஷர் ஏறத் தொடங்கியது. நாத்தனாரின் விரல்கள் டாக்டரின் கைக்குள் அசைந்தன. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சீஃப் ஒன்பதைச் சொல்லவே இல்லை. பொட்டலத்தை நர்ஸிடம் நீட்டி, "இதை உள்ள வைம்மா" என்றார்.

கடைசியாக ஒரு தடவை கேமராவை விட்டுப் பார்த்தார்கள். படிவு பழையபடி மெல்லியதாகப் படுத்துக்கிடந்தது. ஆனால் அதன் மேல்தோல் ஓரிடத்தில் உரசித் தேய்ந்து, அந்தக் கடுகளவு கட்டி அங்கேதான் ஒட்டியிருந்தது. தினம் விடியலில் பிழிந்து பிழிந்து உண்டான காயம். பிடிப்பைக் காணாமல் வெறும் கேமராவை மட்டும் விட்டிருந்தால் அதை ஏதோ பழைய தழும்பு என்று கடந்துபோயிருப்பார்கள். கட்டி பெரிதானால் பிறகு எந்த மருந்துக்கும் குழாய் திறக்காது. சீஃப் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "திங்கட்கிழமை மட்டும் வண்டியை எடுத்திருந்தாங்கன்னா" என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் வார்டில் நாத்தனார் தலையணையில் சாய்ந்திருந்தார். குழாய் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள மாத்திரை, ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை, இன்னும் சில மாதங்களுக்கு வேன் கிடையாது. எல்லாவற்றையும் வாதாடாமல் கேட்டுக்கொண்டார். டாக்டர் ஃபோனில் இரண்டு படங்களைக் காட்டினாள், பிடித்தபோது எடுத்தது, விட்டபோது எடுத்தது. நாத்தனார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே இடமா?"

"ஒரே இடம்தான் அண்ணி."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல."

"இல்ல. நாங்கதான்" என்றாள் டாக்டர். "மன்னிச்சுக்குங்க அண்ணி." அதற்கு நாத்தனார் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டியதோடு சரி.

சாவிக்கடைக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உள்ளே வந்ததிலிருந்து மனைவியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நாத்தனார்தான் அவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைக்காரன் எதையோ மாத்திக் குடுத்துட்டானாமே" என்றார்.

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தாள். அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை, சொல்லப்போவதுமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாத்தல. நான் கேட்டதைத்தான் குடுத்தான்."

"உனக்கு எப்படிய்யா தெரியும், நெஞ்சுக்கு எதை ஒட்டறதுன்னு?"

"விசாரிச்சேன்."

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு." கட்டில் கம்பியைத் துடைப்பதுபோலத் தடவினார். "விடியற நேரத்துல நீ புரண்டு படுப்பே. அதுக்கு முன்னாடியே நான் முழிச்சுக்குவேன். முதுகுல கையை வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். மூச்சு சீரானதும்தான் கையை எடுப்பேன். இந்த ரெண்டு நாளா மாத்திரையும் கிடையாது. இன்னைக்கு விடியக்காலையில நீ முனகினே. என்னால பாத்துக்கிட்டிருக்க முடியல."

நாத்தனார் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, ஹாரன் திரும்பி வந்துவிட்டது.

"அப்ப ஒரு வருஷமா எதுக்குய்யா நடிக்கறேன்னு சொன்ன? அத்தனை பேர் முன்னாடியும்? நீ ஒருத்தனாவது நம்பக் கூடாதான்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

அவர் கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ நடிக்கறதா இருக்கணுமேன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

நாத்தனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, முதுகைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தினார். அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தோள்பட்டைகளுக்கு நடுவே, பிளாஸ்திரியை உரித்தெடுத்த இடத்தில், கையை வைத்தார்.